இதர செலவு

கமலவேணி டீச்சர் வீட்டு வாசலை
முதலில் காலால் அளந்தேன்.
என் எட்டு ஒன்று இரண்டே முக்கால் அடி,
சப்பாத்தோடு.
பிறகுதான் டேப்பை இழுத்தேன்,
அவர் பார்க்க வேண்டுமே என்று.

அறுநூற்று நாற்பது சதுர அடி.
கல் இத்தனை லோரி, தார் இத்தனை டன்,
ரோலர் வாடகை,
சொஹேலுக்கும் லெட்சுமணனுக்கும் இரண்டு நாள் சம்பளம்,
டீசல்.
கடைசி வரியில் வழக்கம்போல்
‘இதர செலவு’ என்று போட்டேன்.

அதற்குள் இருப்பது
மூன்று மணிக்குக் கறுக்கும் பகாவ் வானம்,
சிரம்பானிலிருந்து வருவதற்குள் ஆறிப்போகும் தார்,
கேட் திறக்க ஆளில்லாமல் போகும் அரை நாள்,
‘மீதியை அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்கிற சிரிப்பு.

நாலாயிரத்து இருநூறு வெள்ளி.

“மூவாயிரத்துக்கே போட்டுத் தரேன்னு
ஒருத்தர் சொல்றாரே?”
யாரென்று எனக்குத் தெரியும்.
ரொட்டியில் காயா தடவுவதுபோல்
வெறும் மண்மேல் தாரைத் தடவுகிறவர்.
சொன்னால் பொறாமை என்பார்கள்.
“யோசிச்சுக் கூப்பிடுங்க டீச்சர்.”
கூப்பிடவில்லை.

அந்த மாதம் ஐந்து இடத்தில் விலை சொன்னேன்.
கோவில் கார் நிறுத்துமிடம் ஒன்றுதான் அமைந்தது.
“நம்ம கோவில், பாத்துப் போடு” என்றார் கமிட்டித் தலைவர்.
பார்த்துத்தான் போட்டேன்.
பணத்தைத்தான் இன்னும் பார்க்கவில்லை.
லோரித் தவணை மட்டும்
தேதி தவறாமல் வந்து நின்றது.

அப்போதுதான் செம்பனை ஆலையில் கூப்பிட்டார்கள்.
எடைமேடைக்கு முன்னால் குழிகள்.
குலை ஏற்றிய லோரி ஒவ்வொன்றும்
இறங்கி, முனகி, ஏறிப் போகிறது.
ஒரே தாளில் இரண்டு விலை எழுதினேன்.
அடிவரை தோண்டிக் கல் கொட்டி இறுக்கி,
பத்து வருடம் அசையாமல்: முப்பத்தெட்டாயிரம்.
குழியை மட்டும் அடைக்க:
மாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

கிராணி தவமணி
மேல் வரியில் நிற்கவே இல்லை.
“ரெண்டாயிரத்துக்குள்ளன்னா இங்கேயே கையெழுத்து.
மேல போனா கே.எல். போகணும்.
போனது எதுவும் வந்ததில்ல.”

இப்படித்தான் எனக்கு
நிரந்தர வேலை கிடைத்தது.

முதல் வாரம் அடைப்போம்.
இரண்டாம் வாரம் ஓரம் உதிரும்.
மூன்றாம் வாரம் தண்ணீர் நிற்கும்.
எத்தனை கொட்டினாலும் நிறையாத பெரிய குழிக்கு
லெட்சுமணன் ‘டத்தோ’ என்று பெயர் வைத்திருக்கிறான்.

ஒரு நாள் சொஹேல் கேட்டான்:
“போஸ், இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டினா
நிக்கும்தானே?”
நிற்கும்.
“வா, தே தாரே குடிச்சிட்டு வரலாம்” என்றேன்.

லோரித் தவணை கட்டினேன்.
மகளுக்குக் கண்ணாடி மாற்றினேன்.
மழை பெய்த இரவுகளில்
நன்றாகத் தூங்கினேன். அதுதான்
எனக்கே பிடிக்கவில்லை.

டிசம்பரில் டீச்சர் அழைத்தார்.
காரின் இடது சக்கரம்
வாசலில் ஒரு சாண் இறங்கியிருந்தது.
அந்த மூவாயிரத்தைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.
பழைய தாரைப் பெயர்த்தெடுக்கும் கூலி சேர்த்து
நாலாயிரத்து எழுநூறு என்றேன்.
“சரி.”
இந்த முறை குரல் தடுமாறாமல்
விலை சொன்னேன் என்பது
வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது.
டத்தோ தந்த தைரியம்.

ஆறு அங்குலம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.
ஒன்பது வெட்டச் சொன்னேன்.
சொஹேல் நிமிர்ந்து
என்னை ஒரு முறை பார்த்தான்,
பிறகு வெட்டினான்.
அந்த மூன்று அங்குலம்
எந்த வரியிலும் இல்லை.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது.
மழை முதலில்
ஆலைப் பக்கம்தான் இறங்கியது.