ஐந்தை மூன்றாக்கியது

திங்கள் ராத்திரி ஷிப்ட். ஆறே காலுக்கு இடி.
ஊத்தான் மெலிந்தாங் முழுக்க விளக்கு போய்
ஆலை ஜெனரேட்டர் இருமி எழுந்தபோது
எடைமேடைக் கணினி மட்டும்
மூன்று தரம் கண் சிமிட்டிவிட்டுப்
படம் காட்ட மறுத்துவிட்டது.

வழக்கமாக ஓர் அருவி வரும்.
எந்த நாட்டு அருவியோ. அதன்மேல்
வட்ட வட்டமாக எங்கள் முகங்கள்:
மேனேஜர் சுல்கிப்ளி கோட்டு போட்டு,
ஜெகதீசன் மோட்டார் சைக்கிளோடு,
சிங்கப்பூர் போய் இரண்டு வருஷமான
லோகாம்பாள் இன்னும் சிரித்தபடி.
நான் ஒரு சாம்பல் நிழல். படம் கொடுக்கவே இல்லை.
முகத்தை அமுக்கினால் போதும், பாதிக் கதவு திறந்த மாதிரி.

இன்று கறுப்பு.
மூலையில் இயந்திரத்தின் பெயர்,
கீழே ஒரு சொல், முக்காற்புள்ளி,
துடிக்கும் ஒரு கோடு.
யார் என்று கேட்கிறது. அவ்வளவுதான்.

வெளியே பதினோரு லோரி.
குலைகள் நனைய நனைய எடை கூடும்;
டிரைவர்களுக்கு அதில் வருத்தமில்லை.
ஆ ஹோக் மட்டும் ஹாரனை விடவில்லை,
அவனுக்குப் பசி.

அடையாள அட்டையில் நான்
தவனேஸ்வரி அனாக் பெரெம்புவான் முத்துக்கருப்பன்.
இங்கே எட்டெழுத்துத்தான், எல்லாம் சின்ன எழுத்து.
அப்பாவை மழையில் நிறுத்திவிட்டு
தவனேஸ் மட்டும் உள்ளே போகலாம்.

கடவுச்சொல் அடித்தேன்.
திரையில் எதுவும் விழவில்லை,
ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம் கூட.
விரலுக்குத் தெரியும் என்று நம்பவேண்டியதுதான்.
தவறு என்றது.
பெயர் தவறா, சொல் தவறா?
அதைச் சொல்லாது.
திருடனுக்குத் துப்புக் கொடுக்காத பழக்கமாம்,
எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது.
கேப்ஸ் லாக்.
மறுபடி.

திறந்தது. திறந்ததும் ஒரு வரி,
இத்தனை காலம் அருவிக்குப் பின்னால் கிடந்த வரி:
நீ கடைசியாக வந்தது
ஞாயிறு, பதினைந்து பன்னிரண்டு.

நான் வரவில்லை.
ஞாயிறு மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு
தெலுக் இந்தானில், தம்பி மகள் சடங்கில்,
மூன்றாம் பந்திக்குப் பாயச வாளியோடு
குனிந்துகொண்டிருந்தேன்.

எடைப் பட்டியலைத் திறந்தேன்.
அதே நேரம், ஒரு லோரி.
நிறை எடை, வெற்று எடை, கழித்தால்
இருபத்திரண்டு டன் செம்பனை.
ஜாகாவின் நோட்டில் அப்படி ஒரு லோரி
கேட்டைத் தாண்டவே இல்லை.
எடைபோட்டவர்: தவனேஸ்.

நிழலை அமுக்கியிருக்கிறான் எவனோ.
முகம் வைக்காதவளின் முகம் யாருக்கும் பொருந்தும்.
கடவுச்சொல் என் மகள் பெயர், பிறந்த வருஷம்.
ஆபீசில் எல்லாருமே
அவள் கேக்கைத் தின்றவர்கள்.

பதினோரு லோரியையும் கறுப்புத் திரையிலேயே நிறுத்து முடித்தேன்.
எடைக்கணக்குக்கு அருவி எதற்கு?
பத்தரைக்குக் கடைசி வண்டி.
ஆ ஹோக் கை அசைத்துவிட்டுப் போனான்.

புதுச் சொல் வைத்தேன். அது எந்தப் பிள்ளையின் பெயருமில்லை.
பிறகு, கம்பெனி ஆள் மேசைக்கடியில்
ஒட்டிவைத்துப் போன ரூட் கடவுச்சொல்லோடு
கணினி எப்படி விழிக்கவேண்டும் என்று
சொல்லும் கோப்புக்குள் போனேன்.
ஐந்து என்றால் அருவி.
மூன்று என்றால் கறுப்பு.
ஓர் எண். அழித்தேன், எழுதினேன், சேமித்தேன்.

பரீட்சைக்கு ஒருமுறை கையால் கூப்பிட்டுப் பார்த்தேன்:
அருவி நன்றாகவே கொட்டியது.
இடியில் கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.
அணைத்துவிட்டேன்.
மேனேஜர் கேட்டால், இடியில் போச்சு என்சிக், என்பேன்.

காலை ஏழுக்கு ஜெகதீசன் வந்தான்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரை முன் நின்றான்.
விரல் மவுசில். மவுசுக்கு அங்கே வேலையில்லை.
அந்தக் கோடு துடித்தது, துடித்தது.

"எங்க அமுக்கணும்கா?"
"அமுக்க ஒண்ணுமில்ல. பேரு அடி."

கொஞ்ச நேரம் நின்றான்.

"யாரு பேரு?" என்றான்.