ஐந்தில் ஒரு பங்கு வியாழன்

கசவனஹள்ளி. இரவு ஒன்றே முக்கால்.
மின்சாரம் போனதும் யுபிஎஸ் ஒருமுறை கூவி அடங்குகிறது.
திரையில் ஒரு லட்சம் கற்கள்
சூரியனைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

குரு பார்க்கக் கோடி நன்மை.
நல்கை விண்ணப்பத்தில் நானும் அதைத்தான்
வேறு சொற்களில் எழுதியிருந்தேன்:
வரும் வால்மீன்களை மடக்கி
வெளியே வீசும் காவல்காரன்,
நம் பெரிய கோள்.

முதலில் அவனை அழித்துப் பார்த்தேன்.
நிறை: சுழியம்.
பூமியில் விழுந்தவை மிகக் கொஞ்சம்.
கலைக்க ஆளில்லாத கற்கள்
தம் பாட்டில் சுற்றின.

முழு நிறையைத் திருப்பிக் கொடுத்தேன்.
சற்றே கூடியது, அவ்வளவுதான்.

ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்த இரவில்
எண்ணிக்கை எகிறியது.
இழுக்கத் தெரிந்து
எறியத் தெரியாத வியாழன்.

எங்கோ ஒரு புள்ளியைத் தவறாக வைத்திருப்பேன் என்று
மூன்று முறை ஓட்டினேன்.
மூன்று முறையும் அதே மேடு.

ஹஃப்ஸா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.
"சில்க் போர்டு சிக்னல்தான் இது.
போலீஸே இல்லையென்றால் நாமே முட்டாமல் போய்விடுவோம்.
நாலு பேர் நின்றாலும் வண்டி நகரும்.
ஒரே ஒருத்தர், அதுவும் அரை மனசாக
விசில் ஊதினால் செத்தோம்."

சிரித்தோம்.
எனக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்தது,
பாதி மனதோடு என்னைக் காப்பாற்ற வந்தவன் பெயர்.
அவளிடம் சொல்லவில்லை.

மொட்டைமாடிக்கு ஏறினேன்.
சின்டெக்ஸ் தொட்டிக்கு மேலே,
விமான விளக்குகளுக்கு நடுவே,
சிமிட்டாமல் ஒன்று.
அதற்கு எடை இருக்கிறது.
பார்வை இருப்பதாகத் தெரியவில்லை.
நான்கு நிலவுகளோடு
யாருக்கும் காவல் இருக்காமல்
யார்மேலும் குறி வைக்காமல்
போய்க்கொண்டிருக்கிறது.

நாலரைக்குத் தண்ணீர் லாரி.
ஓட்டுநர் சிக்கரங்கா குழாயை இழுத்துவந்து
சம்ப்பின் வாயில் செருகுகிறார்.
ஆறாயிரம் லிட்டர்.
கடலே கல்லேறித்தான் வந்தது என்பார்கள், ஓரளவுக்காவது.
இதில் எத்தனை குடம்
எந்தக் கோள் எப்போது தட்டிவிட்ட கல்லில்
வந்து சேர்ந்ததோ.
வந்த அன்று இங்கே நிற்க
யாரும் இல்லை, நல்லவேளை.

மேலே போய் விண்ணப்பத்தைத் திறந்து
'காவல்காரன்' என்ற சொல்லை அழித்தேன்.
அந்த இடத்தில் வேறொன்று எழுத வரவில்லை.
துடிக்கும் கோட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

கீழிருந்து ஹாரன்.
ஆயிரத்து நானூறு ரூபாய்.
அவர் நீட்டிய ரசீது
ஈரத்தில் என் விரலோடு ஒட்டிக்கொண்டது.