காரணம், தண்ணீர்

எஞ்சின் நம்பர் என்ன என்று கேட்கிறான்
பழைய கோச்சிகளைத் தேடித் திரிகிற பொடியன்.
சில்லு எத்தனை, எந்த நாட்டில் வார்த்தது,
புகைபோக்கி நெட்டையா குட்டையா.
தெரியாது தம்பி.
எனக்கு வாளியைத் தெரியும்.
சிவப்பு வாளி. அடி நசுங்கியது.
நெருப்பணைக்க மண் போட்டுத் தொங்கவிட்டிருந்தது.

மார்கழி. ஆண்டு அறுபத்திரண்டோ மூன்றோ.
ஆனையிறவு உப்பை ஏற்றிய கூட்ஸ்
மாங்குளத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றது.
தெற்கே, கனகராயன்குளத்துப் பக்கக் கேற்றிலிருந்து
ரெலிபோன் வந்ததாம்:
பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது,
றோட்டில் வெள்ளம், கார் வராது.
கார்ட் பெட்டியோ இருபத்தெட்டுப் பெட்டிக்கு அப்பால்,
இருட்டுக்குள்.
"மிசி, எஞ்சினிலே ஏறுங்கோ" என்றார் ஸ்ரேசன் மாஸ்டர்,
விதிப்புத்தகம் முழுவதையும் ஒரே மூச்சில் மீறினவர்போலத்
தொப்பியைக் கழற்றி.

முதற்படியே என் இடுப்பு உயரம்.
என்னை மேலே இழுத்தது
கரி எது தோல் எது என்று பிரிக்கமுடியாத ஒரு கை.
டிரைவர் மரியதாஸ் ஒரு சொல்லும் பேசவில்லை.
நெருப்புப் போடுகிற ஹேரத்
எனக்காகப் பலகையைச் சாக்கால் துடைத்தான்.
சாக்கும் கரி என்று கண்டு சிரித்தான்.

ஆறோ ஏழோ மைல்.
முன்பக்கம் வெந்தது, முதுகு மழையில் நனைந்தது.
அடுப்புக் கதவு திறக்கும்போதெல்லாம்
பாலைமரங்கள் ஒரு கணம் சிவந்து
என்னைப் பார்த்துவிட்டு அணைந்தன.
ஏற்றத்தில் அது
உப்பு, உப்பு, உப்பு என்றது.
இறக்கத்தில் சொல் மறந்து வெறும் மூச்சு.
பொறி ஒன்று வெள்ளைச் சீலையில் விழுந்து
மிளகளவு ஓட்டை போட்டது.
அதைத் தைக்காமலே நெடுநாள் உடுத்தேன்.

கேற்காரன் வல்லிபுரத்தின் ஒற்றையறைக்குள்
ஈரவிறகு, புகை,
பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த பூமலர்.
சுடுதண்ணீர் இல்லை.
மழைக்குள் ஓடிவந்து கத்தினேன்:
சுடுதண்ணி!

ஐந்நூறு தொன் உப்பை இழுத்துவந்த ராட்சசன்
ஒரு மெல்லிய குழாய்வழி
ஒரு வாளி தண்ணீர் தந்தான்.
மண்ணைக் கொட்டி, மூன்றுதரம் அலசி,
கொதிக்கக் கொதிக்கத் தூக்கிவந்தான் ஹேரத்.
எண்ணெய் மணம். இரும்பு மணம்.
நான் படித்த பாடத்தில் அப்படியொரு தண்ணீர் இல்லை.
கத்தரிக்கோலை அதற்குள் போட்டேன்.

பிள்ளை கத்தியபோது
மரியதாஸ் விசில் அடித்தார் என்று
பின்னாட்களில் இரண்டு மூன்று இடங்களில்
நானே சொல்லியிருக்கிறேன்.
அடிக்கவில்லை. நீராவி வீணாகும் என்றார்.
கார்ட் நனைந்த கொப்பியில் எழுதினான்:
தாமதம் நாற்பது நிமிடம்.
காரணம், தண்ணீர்.

பிறகு அந்தத் தண்டவாளத்தைக்
கீழேயிருந்து பார்த்தேன்.
எந்த ஊர் என்று கேட்காதே.
பதினொரு பேர் எங்கள் தலைக்குமேல்
சிலிப்பர் கட்டை, அதன்மேல் தண்டவாளம்,
அதன்மேல் மண், அதன்மேல் ஷெல்.
கட்டையில் ஆணி கழன்ற ஓட்டை இரண்டு.
ஒன்றுக்குள் விரலை விட்டபடி இருந்தேன், விடியும்வரை.
மேலால் ஒரு கூட்ஸ் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.
நீண்ட கூட்ஸ்.
அதற்குக் கார்ட் பெட்டியே இருக்கவில்லை.

இப்போது புதுக் கோச்சி.
குளிர், கண்ணாடி, வேகம்.
கேற்றில் மணியும் விளக்கும் தன்பாட்டில்.
போன மாதம் கண் காட்ட வவுனியாவுக்குப் போகையில்
அந்த இடம் வந்ததும்
காலிரண்டையும் சற்றுத் தூக்கிக்கொண்டேன்.
ஈரத்தரையில் யாரோ படுத்திருக்கிறார்கள்போல.
பக்கத்திலிருந்தவள்
எலியா அன்ரி என்று கேட்டாள்.

பிள்ளையா? பெண்பிள்ளை.
பேர் வைக்கமுன் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.
கேற் வீடும் இல்லை, விசாரிக்க ஆளும் இல்லை.
நீ நம்பர்தானே கேட்டாய்,
எழுதிக்கொள்:
ஐந்தே கால் இறாத்தல்.
உப்பு நிறுக்கிற தராசில்
ஹேரத் பிடிக்க, நான் பார்த்தது.