உறுதி

காணிப் பதிவகத்தில் இருபத்தாறு வருடம்.
வடக்கே வாவி, கிழக்கே வழி,
தெற்கே இன்னார் வளவு என்று
எத்தனை சீதன உறுதி இந்தக் கையால்.
இங்கே வீடு பெண்ணுக்கு.
குடியும் தாய் வழிதான்;
கோயிலில் குடி கூப்பிடும்போது
அப்பா ஒரு பக்கம் நிற்பார்,
நாங்கள் ஒரு பக்கம்.

எலும்புக்கு மட்டும் யாரும் உறுதி எழுதுவதில்லை.
அம்மாவுக்கு மணிக்கட்டு, ஐம்பத்தெட்டில்.
மறுகா இடுப்பு,
கல்லடியில் பஸ்ஸால் இறங்கையில்.
கடைசிப் படிக்கும் நிலத்துக்கும்
வெகு தூரம் இருந்ததாம்.
பெரியம்மா வளைந்துகொண்டே போய்
கடைசியில் தன் கால் பெருவிரலோடுதான் கதைத்தா.

எனக்கு மைனஸ் இரண்டு புள்ளி ஆறு.
இரவு ரயிலில் கொழும்புக்குப் போய்
சாரி ஊசியெல்லாம் கழற்றி வைத்து
மூச்சை அடக்கிப் படுத்துக் கிடந்து
வாங்கி வந்த எண்.

அதே வயிற்றில் பிறந்த அக்கா சாந்தரூபிக்கு
மைனஸே இல்லை.
அவள் அப்பாவின் பக்கம்.
மூன்று தரம் கிணற்றடியில் விழுந்திருக்கிறாள்,
வாளிதான் நெளிந்தது.

'பாதிக்கு மேல் பரம்பரை' என்றார் டொக்டர்.
குளிசை எழுதினார்.
மிச்சத்துக்குப் பாரம் தூக்கச் சொன்னார்.

அரசடியில், ஹாட்வெயார் கடைக்கு மேல் மாடி.
செவ்வாயும் வெள்ளியும் நாலரையிலிருந்து ஆறு
பெண்களுக்கு.
'இதென்னகா உனக்கு, இந்த வயதில?'
அக்கா சிரித்தாள்.
முதல் நாள் வெறுங் கம்பி.
தட்டு ஒன்றும் மாட்டாமல்
கம்பி மட்டும் இருபது கிலோ,
அது எனக்குச் சொல்லப்படவில்லை.

என்னிலும் ஆறு கிழமை பிந்தி வந்த கிருபாஜினி
தைப்பொங்கலுக்கு முன் எழுபது தூக்கினாள்.
அவளுக்குச் சதை கூப்பிட்டவுடன் வரும்.
என்னுடையது
அழைப்பு மூன்று தரம் அனுப்பினாலும்
பந்தி முடிகிற நேரம்
மெல்ல நுழையும் சொந்தக்காரர்.
வந்தது. ஆனாலும் வந்தது.
முப்பது, முப்பத்திரண்டரை,
மழைக்காலம் முழுக்க முப்பத்திரண்டரை,
நாற்பது.

இரண்டு வருடம் கழித்து அதே மேசை, அதே மூச்சடக்கல்.
மைனஸ் இரண்டு புள்ளி ஐந்து.
ஒரு புள்ளி வித்தியாசம்
இயந்திரத்தின் பிழைக்குள் அடங்கிவிடுமாம்.
'குறையவில்லை, அதைப் பாருங்கள்' என்றார்.
பார்த்தேன்.
திரும்பி வருகிற ரயிலில்
வெலிக்கந்தை தாண்டும்வரை பார்த்தேன்.

மகளுக்கு உறுதி எழுத வேண்டும், தை பிறக்க.
வீட்டை எழுதலாம்.
கிணற்றில் பாதியும் வழிப் பாத்தியதையும் எழுதலாம்.
மெல்லிய எலும்பு எழுதாமலே போய்ச் சேரும்.
இந்த நாற்பது கிலோவை எப்படி எழுத?
நான்கு எல்லையும் என் தோலோடு முடிகிறது.

நேற்று காஸ் சிலிண்டர் வந்தது.
ஒட்டோக்காரத் தம்பி இறங்கி வருமுன்
கால் அகட்டி, முழங்கால் மடக்கி,
முதுகை விடாமல்
நானே தூக்கி வாசற்படி கடந்து வைத்தேன்.
அவன் நீட்டிய கையை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
தலையைச் சொறிந்தான்.

மகள் எட்டிப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
அடுப்படிக்குப் போய்
வெறுஞ் சிலிண்டரைத் தூக்கி வந்தாள்.
ஒரு கையால்தான் தொடங்கினாள்,
பாதி வழியில்
இரண்டு கை.