நாய் கட்டும் பொறுப்பு

பறவைத் திருவிழாக் குழுவில்
எனக்கு வந்தது நாய்கள்.
கூடாரம் எலியோதோருக்கு,
தீயணைப்பு நிலையத்துக் கயிறும் சேர்த்து.
உருளைக்கிழங்கு அடை யானெத்துக்கு,
பள்ளிக்கூட அடுப்பைக் கேட்டு வாங்க
அவளால்தான் முடியும்.
எண்ணுவது ஒஸ்வால்தினா, எப்போதும் போல.
சம்பளமில்லாத வேலைகளில்
கடைசியாய் மிஞ்சியது என்னிடம் வந்தது:
குடாவைச் சுற்றி அறுபத்திரண்டு வீடு,
தொண்ணூற்று நாலு நாய்.

வீடு வீடாய்ப் போனேன்.
சனிக்கிழமை, ஏற்றம் முடியும்வரை
கட்டிப்போடுங்கள் என்றேன்.
"எங்கள் நாய் பறவையைத் தொடாதே."
தொட வேண்டாம், ஓடினாலே போதும்.
"கட்டினால் ஊளையிடும்."
இடட்டும்.
சால்மன் பண்ணைக் காவலாளி மட்டும்
என் நெஞ்சட்டையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு
நாய்க்குத் திருவிழா எப்போது என்று கேட்டார்.
குழுவில் சொல்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை மழை விட்டது.
சிலோயே தீவில் அதுவே பாதித் திருவிழா.
காஸ்த்ரோவிலிருந்து இரண்டு பேருந்து.
அட்டைமூக்கு கட்டிய பிள்ளைகள்
மரக்கோயில் வாசலில் வரிசையாய்,
முந்தின நாள் ஈரத்தில்
மூக்கெல்லாம் தொங்கி.
அக்கார்டியனைக் கோயிலுக்குள்ளேயே,
கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கச் சொல்லியிருந்தோம்.

சேற்றில் மூக்கன்கள்.
வடகோடிப் பனிநிலத்தில் தின்றதையெல்லாம்
வானத்தில் எரித்துவிட்டு
எலும்பும் இறகுமாய் வந்திறங்கியவை.
ஒரு புழுவுக்கு ஒரு குத்து,
கண்வரை சேற்றுக்குள்.
மறுபடி ஒரு குத்து.
தொலைநோக்கிக்கு வரிசையில் நின்ற ஒருவர்
"இவ்வளவுதானா?" என்றார்.
அவருக்கு ஒரு அடை கொடுத்தார்கள்.

அப்போதுதான் திரும்பி என் வீட்டைப் பார்த்தேன்.
முளை இருந்தது.
கயிறு இருந்தது.
நாயைக் காணோம்.

தொண்ணூற்று மூன்று முடிச்சைச் சரிபார்த்த கை
தன் வீட்டு முடிச்சை நம்பிவிட்டது.

மந்தேகா என்று பெயர், கொழுப்பு என்று அர்த்தம்.
நான் பாசி அறுக்கும் நாட்களில்
வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
அலையைப் பார்த்து உறுமிக்கொண்டிருப்பாள்.
இன்று சேற்றில் நேர்கோடாய் ஓடினாள்,
காது இரண்டும் பின்னால் பறக்க.
இவ்வளவு சந்தோஷத்தை
நான் அவளுக்குத் தந்ததே இல்லை.

எழுந்தன.
எல்லாமே, ஒரே சமயத்தில்.
இப்படித் திரும்பினால் வானம் கறுத்தது,
அப்படித் திரும்பினால் ஒன்றுமே இல்லை,
மறுபடி கறுத்தது.
அட்டைமூக்குகள் அண்ணாந்தன.
அடை தின்றவர் தின்பதை நிறுத்தினார்.
பிறகு கரை முழுக்கக் கைதட்டல்.

ஒஸ்வால்தினா தட்டவில்லை.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
காலையிலிருந்து தின்றது போயிற்று.
புதுப் பக்கம் புரட்டி
ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

அன்றைய படங்கள் எல்லாவற்றிலும் நான் இருக்கிறேன்.
முழங்கால்வரை சேறு,
வாய் திறந்தபடி,
நெஞ்சில் கொட்டை எழுத்தில்
"நாய்களைக் கட்டுவோம்."

திங்கட்கிழமைக் கூட்டத்தில்
கருத்துப்பெட்டியை எலியோதோர் கவிழ்த்தார்.
அடையில் உப்பு குறைவு, ஒன்று.
கழிப்பறை தூரம், ஏழு.
மிச்சமெல்லாம்:
பறந்தது அருமை.
அடுத்த வருஷம் அதை எத்தனை மணிக்கு வைப்பீர்கள்?
வெகுநேரம் யாரும் பேசவில்லை.
யானெத்துக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது,
அப்புறம் எனக்கு,
அது எனக்குப் பிடிக்கவில்லை.

நாய்ப்பொறுப்பை வேறு யாராவது எடுங்கள் என்றேன்.
கூரையில் மழை ஆரம்பித்ததை
எல்லோரும் கவனமாய்க் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது.
மந்தேகா முளையில் இருந்தாள்,
நகக்கண்ணில் இன்னும் சேறு.
புதுக் கயிறு, இரட்டை முடிச்சு.
இரவு ஏற்றத்தில் அவை
எதிர்க்கரைத் திட்டில்தான் நிற்கும்,
நடுவில் ஒரு குடாத் தண்ணீர் இருக்கும்.
அதை மனசுக்குள் இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு
அவிழ்த்துவிட்டேன்.