சுவர்க்கோழி

இரண்டாயிரத்து மூன்றில்
இதே பெட்டிகளை நான்தான் விற்றேன்.
முதுகில் பேனாவால் எழுதிய இ, வ
இடது, வலது
என் கையெழுத்து.
"கூசுது, காதுக்குள்ள குண்டூசி" என்று
முத்தியால்பேட்டை தேசிங்கு தலையில்
ஆயிரத்தெண்ணூறுக்குக் கட்டினேன்.
அவன் யாரிடம் தள்ளினானோ.
இந்த ஞாயிறு காந்தி வீதியில்
பழைய ஜீன்ஸ் குவியலுக்கும் சைக்கிள் பம்புகளுக்கும் நடுவே
தார்ப்பாயில் உட்கார்ந்திருந்தன,
முகவலை கிழிந்து.

"வேணாம் சார்" என்றான் விற்கிற பையன்.
விற்கிறவன் பேசுகிற பேச்சா அது?
ஜமீல். சுல்தான்பேட்டை. இருபத்திரண்டு இருக்கும்.
"மூணு பேரு எடுத்துட்டுப் போயி
மூணு பேரும் திருப்பிட்டாங்க. ச-வெல்லாம் சீறுது."
பேட்டரியில் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயரை மாட்டி
போனிலிருந்து ஒரு பெண்குரலை விட்டான்.
புளியங்காய் கடித்த முகம் அவனுக்கு.
எனக்கோ
யாரோ போர்த்தி வைத்திருந்த கம்பளியை
உருவி எறிந்த மாதிரி.
ஜால்ரா!
அந்தப் பாட்டில் ஜால்ரா இருப்பதையே மறந்திருந்தேன்.

நடுவில் வாங்கியவை ஆறு ஜோடி.
ஒன்று மந்தம், ஒன்று தண்ணீருக்குள்ளிருந்து பேசியது.
ஒயரை மாற்றினேன், திரைச்சீலையைக் கழற்றினேன்,
மருமகன் அனுப்பிய ஹெட்போனை
"இப்பல்லாம் எவனுக்கும் செய்யத் தெரியல" என்று
அலமாரிக்குள் எறிந்தேன்.
ட்ரெபிள் குமிழ்
பன்னிரண்டில் நின்றது, ஒன்று, இரண்டு, மூன்று என
கடிகார முள்ளாகவே நகர்ந்ததை
நான் கவனிக்கவில்லை.

லாஸ்பேட்டைக்கு ஆட்டோவில் கொண்டுவந்து மாட்டியதும்
மரகதவல்லி இரண்டு நிமிஷம் நின்றாள்,
சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.
அடுத்த தெருவில் பால்காரர் சைக்கிளுக்கு
ஸ்டாண்டு போடுவது கேட்கிற காது.
"இதத்தான கூசுதுன்னு வித்தீங்க?"
"பழைய ஸ்பீக்கர். ஓடி ஓடிப் பதமாயிடுச்சு."
"ஸ்பீக்கரா?" என்றாள், கதவுக்குப் பின்னாலிருந்து.

தேசிங்கு வந்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது.
முப்பது வருஷம் தறிகளுக்கு நடுவே நின்றவன்.
மெல்ல வைத்தால் "என்னது?"
ஒரு கோடு கூட்டினால் "ஏண்டா இப்படிக் கத்துது?"
இரண்டுக்கும் நடுவே அவனுக்கு
ஒரு விரற்கடை இடம்தான்.
அதில் ஒண்டிக்கொள்ள
சட்டைப்பையில் ஒரு டிரான்சிஸ்டர் வைத்திருக்கிறான்.
"இதுக்கு மேல ஒரு செட்டும் கிடையாது" என்பான்.
சிரித்திருக்கிறேன்.

அன்று இரவு கரன்ட் போனது.
மாடியில் பாய் விரித்தோம்.
"காலி மனையெல்லாம் வீடாயிடுச்சு.
ஒரு சுவர்க்கோழி கத்துதா பாரு?
எட்டு வருஷமாச்சு" என்றேன்.
இதைப் பற்றி நகராட்சிக்கு
ஒரு மனுகூடப் போட்டவன் நான்.

"என்ன சொல்றீங்க?
சாயங்காலத்துலேர்ந்து காது கிழியுது."

மூச்சை அடக்கினேன்.
கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு லாரி.
நாய். யார் வீட்டு ஜெனரேட்டரோ.
அதற்கு மேலே
துடைத்த சிலேட்டு.

என் மணிக்கட்டைப் பிடித்து
தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நீட்டினாள்.
"அங்க ஒண்ணு.
கீழ, முருங்கைகிட்ட ரெண்டு.
இப்ப நிறுத்திடுச்சு.
இரு.
இப்ப மறுபடி."

இரண்டு மணிக்குக் கரன்ட் வந்தது.
குமிழைப் பன்னிரண்டுக்குத் திருப்பலாமென்று இறங்கிப் போனேன்.
திருப்பவில்லை.
பன்னிரண்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டு
ம என்று எழுதினேன்.
மூன்றில் நான்.
தேசிங்குக்கு எங்கே போடுவதென்று
தெரியவில்லை.