அரைப்பேர்

புதன்கிழமை கிளினிக்.
வெறும் வயிற்றோடு
ஐந்தரை பஸ்ஸில் இறங்கி வந்தோம்
மேற்கணக்கிலிருந்து பதினொரு பேர்.
மஸ்கெலியாவில் இன்னும் கடை திறக்கவில்லை.
டேமுக்கு மேலே பனி,
யாரும் மடிக்காமல் விட்ட கம்பளி.

வாங்கில் வரிசையாய் உட்கார்ந்திருக்கிறோம்.
மடியில் கிளினிக் கொப்பி,
மழைக்குப் பயந்து பொலித்தீன் பையில் சுற்றியது.
இங்கே யாரும் சுகம் விசாரிப்பதில்லை.
"எத்தனை?" என்றுதான் கேட்கிறோம்.
செபமாலைக்கு இருநூற்று நாற்பது.
காளியாயிக்கு நூற்றெண்பது,
அவள் அதையும் குறைத்துத்தான் சொல்வாள்.

எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா.
அறுபது தாண்டியவர்கள் இருக்கிற கதவுகளை
பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன்.
சீனி நுழையாத கதவு இரண்டுதான்.
அதில் ஒன்று
ஆள் இன்னும் டெஸ்ட் பண்ணாத கதவு.

"இனிப்புக் கூடச் சாப்பிடுறனீங்களோ அம்மா?"
புது டாக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை.
இனிப்பா?
தீபாவளிக்கு ஒரு தரம், திருவிழாவுக்கு ஒரு தரம்.
காலையில் கோதம்பு ரொட்டி,
மலையில் வைத்துத் தின்னவும் அதே ரொட்டி,
ராத்திரி கோப்பை நிறையச் சோறு,
தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு.
உள்ளங்கையில் சீனியைக் கொட்டி
நக்கி நக்கிக் குடித்த சாயத்தண்ணி.
அதை நாங்கள் இனிப்பென்று சொன்னதில்லை.
பத்து மணி வரைக்கும்
கால் நடுங்காமல் இருக்க ஒரு வழி,
அவ்வளவுதான்.

தினமும் அரை மணித்தியாலம் நடக்கட்டாம்.
கூடையோடு நாற்பத்தொரு வருஷம்
ஏறி இறங்கினதை
எந்தக் கணக்கில் சேர்ப்பது டாக்டர்?
கேட்க நினைத்தேன்.
அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் வாசலில் குடையை மடித்தார்
கணக்கப்பிள்ளை வேதநாயகம்.
எங்களோடு ஒரே வாங்கில்
உட்கார்ந்தறியாத மனுஷன்.
சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.
இடம் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

தராசடியில் இவர் நின்றால்
கொழுந்து ஈரம் என்று இரண்டு கிலோ போகும்.
சாக்கு என்று ஒன்று போகும்.
பதினெட்டுக்கு ஒரு கிலோ குறைந்தாலும்
தலை நிமிராமல் செக்ரோலில் எழுதுவார்:
அரைப்பேர்.
அப்படிப் போன அரைகளில் ஒன்றில்
என் மூத்தவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள்.

நிலூக்கா மிஸ் என் விரலில் குத்தினாள்.
ரத்தம் வரவில்லை.
அடுத்த விரலிலும் குத்தினாள்.
"கல்லு மாதிரி அம்மா" என்றாள்
தெரிந்த தமிழில்.
அட்டைக்குக் கேட்காமலே கொடுத்த உடம்பு,
ஊசிக்குப் பிசுக்கினாலும் தரமாட்டேன் என்கிறது.

அவருக்கு உடனே வந்தது.
பேனா பிடித்த விரல்.
நூற்றுப் பதினெட்டு.
"போடர்" என்றாள் மிஸ்.
"போடர் என்றால்? இருக்கா, இல்லையா?"
"இருக்கு இல்ல. இல்லாமலும் இல்ல. கவனம்."
பஞ்சை அமத்திப் பிடித்துக்கொண்டு
என் பக்கம் திரும்பினார்.
"இதென்ன கணக்கு, செவனம்மா?"

"அரைப்பேர், ஐயா."

வாங்கு முழுக்கச் சிரித்தது.
காளியாயிக்குப் புரையேறிவிட்டது.
அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை.
பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே கடை திறந்திருந்தது.
எல்லோரும் வெறும் சாயம் சொன்னோம்.
அவர் மட்டும் பழக்கத்தில் கையை நீட்டினார்.
கடைக்காரன் ஒரு கரண்டி சீனி வைத்தான்.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.
பாதியைப் போத்தலுக்குள் திரும்பக் கொட்டினார்.
மிச்சத்தை நக்கும்போது
முகத்தை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டார்.

நான் என் கையை மடித்துக்கொண்டேன்.
எங்கள் மலைத் தூள்தான், கசந்தது.
எனக்கு முழுப்பேர்.
இருநூற்றுப் பதினொன்று.
இந்தத் தரம் ஒருத்தரும் கழிக்கவில்லை.